அவரே எழுந்திருப்பார்

காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நாத்தனாரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கீழே அழும் முகங்கள் ஒரு வரிசை. "அண்ணி, கட்டாயம் பாருங்க. பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும்" என்று ஒரு குரல் செய்தி வேறு. பேருந்தில் இடம் பிடித்து அதைத் திறப்பதற்குள் அக்கா அனுப்பிவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரி அனுப்பிவிட்டாள், நர்ஸ்களின் குழுவிலும் வந்து விழுந்துவிட்டது.

ஒரு மகன் கட்டிலருகே வருகிறான். அதில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைக் குழந்தையைத் தூக்குவது போல அள்ளித் தூக்குகிறான். சாப்பாட்டு மேசை வரைக்கும் சுமந்து போய் உட்கார வைக்கிறான். ஸ்பூனால் ஊட்டுகிறான், வாயைத் துடைத்துவிடுகிறான். பின்னால் புல்லாங்குழல். 'என்னை நடக்க வைத்தவரை நான் நடக்க விடமாட்டேன்' என்ற வரி மெதுவாக மிதந்து வருகிறது.

அந்த வரியைப் படித்ததும் அவளுக்குக் கண் கலங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அவள் முதியோர் மருத்துவமனையில் பிசியோ. உட்கார்ந்த பெரியவர்களை எழுந்து நிற்க வைப்பதும், நின்றவர்களை நடக்க வைப்பதும்தான் அவள் பிழைப்பு. வீடியோவைத் திரும்ப ஓடவிட்டு, மகன் குனிவதற்கு முந்தைய நொடியில் நிறுத்தினாள். பெரியவர் இரண்டு உள்ளங்கைகளையும் மெத்தையில் ஊன்றியிருந்தார். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தார். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. எழுந்திருக்கத் தயாராக இருந்த மனிதரைத்தான் மகன் தூக்கிக்கொண்டு போகிறான்.

அவளும் வீடியோ போடுகிறவள்தான். முதுமை வேறு, தளர்ச்சி வேறு என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காரணமில்லாமல் எடை குறைகிறதா, பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லையா, நடை மெதுவாகிறதா, எதுவும் செய்யாமலே களைப்பாக இருக்கிறதா, இதெல்லாம் வயசு என்று விட்டுவிடாதீர்கள், நேரத்தில் கவனித்தால் பெருமளவு தடுக்கலாம், சிலருக்குத் திருப்பியும் கொண்டுவரலாம் என்பதுதான் அவள் பாட்டு. கேட்க ஆளில்லை. 'வயசானா அப்படித்தான் மேடம்' என்று யாராவது எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டில் போனைப் பிடித்துப் படம் எடுப்பது அவள் கணவன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். "உன் வீடியோவை நானே நாலு தடவை பாத்திருக்கேன். அதுல ரெண்டு தடவை தூங்கிட்டேன்" என்பான்.

அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மகனின் பக்கத்துக்குள் போனாள். பார்க்கிறவர்கள் அவனைத் 'தங்கப்பிள்ளை' என்று அழைத்தார்கள். பழைய வீடியோக்களை நோக்கிக் கீழே கீழே இறங்கினாள். இறங்க இறங்க அந்தப் பெரியவருக்கு உடம்பு வந்தது. சில மாதங்களுக்கு முன் மகனின் தோளைப் பிடித்து நடந்தார். அதற்கும் முன்னால் தனியாக நடந்தார். இன்னும் கீழே போனால், தோட்டத்தில் தண்ணீர் வாளியோடு நின்று, "போனை வச்சிட்டு வந்து ஒரு கை பிடிடா" என்று மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். மேலே வர வர கெண்டைச் சதை வற்றி, சட்டை தோளிலிருந்து தொங்கி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். அதற்குள் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழேயும் ஆயிரக்கணக்கில் இதயங்கள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டினாள். "இது வயசு இல்லை. இதுக்குப் பேர் தளர்ச்சி. தூக்கித் தூக்கியே ஒரு மனுஷனோட காலை வாங்கிட்டாங்க. பாசத்துலதான் செஞ்சாங்க, ஆனா சதைக்குப் பாசம் தெரியாது. வேலை குடுத்தா இருக்கும், குடுக்கலைன்னா போயிடும்" என்று பேசிப் போட்டுவிட்டாள்.

முதல் முறையாக அவள் வீடியோவை ஊரே பார்த்தது. சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் திட்டு மழை. 'பெற்றவரைத் தூக்குவது குற்றமா?' 'உன் அப்பனை எந்த இல்லத்தில் தள்ளினாய்?' 'உனக்கும் வயசாகும், அப்போது உன்னைத் தூக்க ஆள் இருக்காது.' தங்கப்பிள்ளை அழுதுகொண்டே ஒரு பதில் போட்டான். அதை நாத்தனார் குடும்பக் குழுவில் பகிர்ந்து, "அண்ணி, இது நீங்களா?" என்று கேட்டாள்.

கணவன் கருத்துகளைப் படிக்கப் படிக்கச் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "போனைக் குடு. நான் வச்சுக்கறேன். நீ சாப்பிடு."

"நான் என்னங்க தப்பா சொன்னேன்?"

"சொன்னது தப்பில்ல. சொன்ன எடம் தப்பு. கல்யாண வீட்டுல போய் மாப்பிள்ளைக்குச் சர்க்கரைன்னு சொன்னா அடிக்காம என்ன செய்வான்?"

மறுநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மருத்துவமனைக்கே அவர்தான் பொறுப்பு. மேசையிலிருந்த போனில் அவள் வீடியோ நின்றிருந்தது.

"இந்தப் பெரியவர் நம்ம நோயாளியா?"

"இல்ல சார்."

"அவர்கிட்ட கேட்டியா, உங்க முகத்தைப் போட்டுக்கறேன்னு?"

அவன் ஊருக்குக் காட்டியதைத்தான் நானும் காட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவனிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை என்பது அவளுக்கே உறுத்தியது.

"எடுத்துடு. மன்னிப்புக் கேட்டு எழுதிடு."

"படத்தைப் போட்டதுக்குக் கேக்கறேன் சார். சொன்ன விஷயத்துக்குக் கேக்க மாட்டேன்."

அப்படியே எழுதினாள். மன்னிப்பு என்ற முதல் வரியை மட்டும் வெட்டியெடுத்து, 'தப்பை ஒப்புக்கொண்டார்' என்று பரப்பினார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் பயிற்சிக் கூடத்தில், ஊன்றுகோல் பழகும் ஒருவரோடு நின்றுகொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. தள்ளி வந்தவனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. புல்லாங்குழல் இல்லாமல் தங்கப்பிள்ளை கொஞ்சம் குட்டையாக இருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நீங்கதானே அது?" என்றான். "எங்கப்பாவை நான் கெடுத்துட்டேன்னு ஊருக்கே சொன்னவங்க? இதோ இருக்காரு. அவர் முன்னாடி சொல்லுங்க பாப்போம்."

அவள் பெரியவருக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்ககிட்ட கேக்காம உங்க படத்தைப் போட்டது என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

"அது கெடக்கட்டும்மா" என்றார் அவர். குரல் மட்டும் கணீரென்றிருந்தது. "நான் அதுல என் தலைமுடி எப்ப இவ்வளவு கொட்டிச்சுன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

"என்ன வேலை பாத்தீங்க?"

"லிப்ட் மெக்கானிக். ஊரையே மேல ஏத்திக் கீழ எறக்கினவன். இப்ப என்னை ஒருத்தன் ஏத்தி எறக்கிட்டிருக்கான்."

மகன் சிரிக்கவில்லை. அவள் பிடி வலுவை அளக்கும் கருவியைப் பெரியவர் கையில் கொடுத்தாள். இரும்பு வடம் பிடித்த கை. முள் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு அவரைக் கைவைத்த மர நாற்காலிக்கு மாற்றினாள். மகனைப் பார்த்து, "நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து, ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சுக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"உங்க கை சும்மா இருக்காது. அதுக்குத்தான்."

பெரியவர் பாதங்களைப் பின்னுக்கு இழுத்தார். கைகளை ஊன்றினார். ஒரு சாண் எழும்பித் தொப்பென்று உட்கார்ந்தார். மகன் துள்ளிப் பாய்ந்து அக்குளில் கைகொடுத்தான்.

"கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் ஊன்றுகோல்காரரும் பயந்து நின்றுவிட்டார். மகன் முகம் சிவந்து திரும்பப் போய் உட்கார்ந்தான். இரண்டாம் முறையும் ஆகவில்லை. மூன்றாம் முறை அவள் அவருக்குப் பக்கத்தில், தொடாமல் நின்றாள். "மூக்கை முன்னாடி கொண்டு வாங்க. இன்னும். இன்னும். இப்ப எழுந்திரிங்க." முழங்கால்கள் கிடுகிடுவென ஆடின. பெரியவர் நின்றுவிட்டார். நின்றபடியே மகனைக் குனிந்து பார்த்தார்.

"நீ உக்காந்திருக்க, நான் நிக்கறேன். எத்தனை நாளாச்சுடா இப்படிப் பாத்து."

மகன் அழுதான். வீடியோவில் அழுவது போல இல்லை. மூக்கொழுக, அசிங்கமாக அழுதான்.

"அம்மா குளிக்கற எடத்துல விழுந்தாங்க" என்றான். "இடுப்பெலும்பு. படுத்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. அப்புறம் ஒருநாள் இவரும் வாசப்படியில தடுமாறினாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன். கால் தரையில பட்டாத்தானே விழுவாரு?"

இத்தனை நாளாக அவனை நினைத்தாலே வந்த எரிச்சல் அவளுக்கு எங்கேயோ போய்விட்டது. "பயம் நியாயமானதுதான் தம்பி" என்றாள். "ஆனா கால்ல வலு இருந்தா தடுமாறினாலும் சமாளிச்சுக்குவாரு. வலு இல்லாதவர் கட்டில்ல இருந்து எறங்கறப்பவே விழுவாரு. நீங்க இல்லாத ஒரு நிமிஷம் வராமலா போயிடும்?"

அவனை மருந்துச் சீட்டோடு டாக்டரிடம் அனுப்பிவிட்டு, பெரியவரிடம் கேட்டாள்: "நீங்களாவது சொல்லியிருக்கலாமே ஐயா, என்னைத் தூக்காதேன்னு?"

அவர் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "அவ போனப்புறம் இவன் சாப்பிடல, தூங்கல, யார்கூடவும் பேசல. என்னைத் தூக்க ஆரம்பிச்சப்புறம்தான் மறுபடி மனுஷனானான். சரி, அவனுக்கு அதுல ஆறுதல்னா தூக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் ஒருநாள் அவன் கடைக்குப் போயிருந்தான். தண்ணி குடிக்கலாம்னு எழுந்தேன். கால் என் பேச்சைக் கேக்கல. அப்பதாம்மா பயந்தேன். பயந்தேன்னு அவன்கிட்ட சொன்னா இன்னும் தூக்குவான்."

அன்றிலிருந்து அவர்கள் ஒழுங்காக வந்தார்கள். பெரியவர் சாப்பிட்டு வந்த, தலைசுற்ற வைத்த தூக்க மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். முட்டை, பருப்பு, பால் எதையும் விடக்கூடாது என்று சாப்பாட்டை மாற்றினாள். அவள் எண்ண எண்ண உட்கார்ந்து எழ வேண்டும், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்க வேண்டும், மணல் பையைக் கணுக்காலில் கட்டி நீட்ட வேண்டும். மகன் ஒரு கை தூரத்தில் நிற்கலாம், தொடக்கூடாது. அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பெரியவர் வலிக்கிறது என்று முனகும்போதெல்லாம் அவன் தன் சட்டையையே கசக்கிக்கொண்டு நின்றான். மூன்று மாதத்தில் பெரியவர் கோலூன்றி வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். பழைய ஆள் திரும்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் கழிவறைக்குத் தானாகப் போனார், தன் ஸ்பூனைத் தானே பிடித்தார்.

ஒருநாள் மகனே கேட்டான். "அக்கா, நாம சேர்ந்து ஒரு வீடியோ போடலாமா? நீங்க சொல்றதை என் ஆளுங்க எல்லாரும் கேக்கட்டும்."

அவளுக்கு நம்ப முடியவில்லை. இரண்டு வருடமாக ஊதுகிற சங்கு இப்போதாவது யார் காதிலாவது விழப் போகிறது. பெரியவரிடம் அனுமதி கேட்டாள். பெரிய டாக்டரிடம் எழுத்தில் வாங்கினாள். கணவன் அவள் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தான். பயிற்சிக் கூடத்தில் நின்று, தளர்ச்சி என்றால் என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது டாக்டரிடம் போவது, எதைச் சாப்பிடுவது, தூக்காமல் எப்படித் துணை நிற்பது என்று ஒன்று விடாமல் பேசினாள். பெரியவர் செய்துகாட்டினார். அவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான்.

வீடியோ வந்தது. முதலில் அவன் அப்பாவைத் தூக்கும் பழைய காட்சி. புல்லாங்குழல். அடுத்து நாற்காலியிலிருந்து பெரியவர் மெல்ல எழுகிறார். மகன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். 'மருந்து எழுப்பவில்லை. பாசம் எழுப்பியது.' அவ்வளவுதான். ஓர் ஓரத்தில் அவள் முழங்கை தெரிந்தது.

உடனே போன் போட்டாள். "தம்பி, நான் பேசினது எங்க?"

"அக்கா, கோச்சுக்காதீங்க. வச்சுத்தான் பாத்தேன். நாலு கூட்டாளிங்ககிட்ட காட்டினேன். நீங்க சதைன்னு ஆரம்பிச்சதும் தள்ளி விட்டுடறாங்க."

"அதுக்காக? அவரை எழுப்பினது பாசமா?"

"பாசமும்தானேக்கா? பாசம் இல்லைன்னா வாரா வாரம் கூட்டிட்டு வந்திருப்பேனா?"

இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது பெரிய டாக்டர் கூப்பிட்டுப் பாராட்டினார். "பிரமாதமா வந்திருக்கு. இதே மாதிரி வாரத்துக்கு ஒண்ணு போடேன். மியூசிக்கோட."

"அதுல விஷயமே இல்ல சார்."

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கே."

கருத்துகளைப் படிக்க வேண்டாம் என்று கணவன் சொல்லியும் கேட்காமல் படித்தாள். இதயங்களுக்கும் கும்பிட்ட கைகளுக்கும் நடுவே யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள். 'நானும் என் அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆறு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்க விட்டதில்லை. எல்லாம் நானே செய்கிறேன். அவர் எழுந்திருக்கவில்லையே. என் பாசம் போதவில்லையா?' அதற்குக் கீழே ஒருவர், 'இன்னும் அன்பாகப் பேசிப் பாருங்கள் சகோதரி' என்று யோசனை சொல்லியிருந்தார்.

பயிற்சிக்கு வந்த பெரியவரிடம் அதைப் படித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தானும் ஒருமுறை படித்தார். "அந்தப் பொண்ணுக்கு யாராவது சொன்னீங்களா?"

"நான் எழுதினேன் ஐயா. என் பேரைப் பாத்ததும் பழைய சண்டைக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. அந்தச் சத்தத்துல அவங்க பாத்தாங்களோ என்னவோ."

அவர் வீட்டுக்குப் போய், தன் பழைய போனில், மகனுக்குத் தெரியாமல் தானே ஒரு கருத்து எழுதினார்: 'வீடியோவில் இருப்பது நான்தான். பாசத்தில் எழுந்திருக்கவில்லை. தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். கால் உயிர் போகிற மாதிரி வலித்தது. பிசியோ அம்மா சொல்லிக் கொடுத்தார்கள். என் மகன் நல்லவன். ஆனால் அவன் தூக்கியதால்தான் கால் போனது.'

முதல் பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. 'போலிக் கணக்கு.' அடுத்தது, 'அந்த அப்பாவின் பெயரைச் சொல்லி விளம்பரம் தேடாதே.' பிறகு ஒருவர்: 'முதலில் உன் அப்பாவை மதிக்கக் கற்றுக்கொள்.'

மறுமுறை வந்தபோது பெரியவர் கோலைத் தரையில் தட்டித் தட்டிச் சொன்னார். "எழுபத்தெட்டு வயசும்மா எனக்கு. எங்கப்பா செத்து நாப்பது வருஷம் ஆச்சு. போய் அவரை மதிக்கணுமாம்! என் மூஞ்சியை வச்சே என்னைத் திட்டறானுங்க!"

மகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அப்பா எழுதியதை அவனும் படித்திருந்தான். கடைசி வரியையும் படித்திருந்தான். "அப்பா, இதை நீங்க என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"சொன்னா நீ புல்லாங்குழல் போடுவடா."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அங்கேயே போனை எடுத்து அப்பாவிடம் நீட்டி, "பேசுங்க. ஒண்ணையும் வெட்ட மாட்டேன்" என்றான். பெரியவர் பேசினார். நடுவில் இருமினார், ஒருவரைத் திட்டினார், முட்டை சாப்பிடச் சொன்னார், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னார், மறந்துபோய் ஒன்றையே இரண்டு தடவை சொன்னார். "சந்தேகமிருந்தா இந்த அம்மாவைக் கேளுங்க" என்று அவளையும் இழுத்து முன்னால் நிறுத்தினார்.

அதை அவன் வெட்டாமல்தான் போட்டான். பாச வீடியோவைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட அதைப் பார்க்கவில்லை. 'இசை இல்லாமல் நன்றாக இல்லை' என்று ஒருவர் குறைபட்டிருந்தார்.

அம்மாவைக் கட்டிலை விட்டு இறங்க விடாத அந்தப் பெண் மட்டும் அவளுக்கு நேராக எழுதினாள். 'எங்கள் பக்கத்தில் இப்படி மருத்துவமனை இல்லை. அம்மாவை முதலில் என்ன செய்ய வைப்பது?' பயிற்சிக் கூடத்தில் கூட்டம் இருந்தும் பிசியோ ஓரமாக உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுதினாள். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகு தொடங்குங்கள். ரொம்ப நாள் படுத்திருப்பவரை எடுத்ததும் நிற்க வைக்காதீர்கள். முதலில் கட்டில் விளிம்பில், கால் தரையில் படும்படி உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். பெரியவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வலிக்கும்னும் எழுதும்மா. வலிச்சா பயந்து மறுபடி படுக்க வச்சுடுவாங்க" என்றார். அதையும் சேர்த்தாள். அளவுக்கு மீறி வலித்தால் நிறுத்தச் சொல்லியும் சேர்த்தாள்.

'முயற்சி பண்றேன்' என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாவின் கால் தரையில் பட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவே இல்லை. பேருந்தில் உட்கார்ந்ததும் ஒருமுறை போனைப் பார்ப்பாள், இறங்கும்போது ஒருமுறை பார்ப்பாள்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலையா?" என்று பெரியவரும் வரும்போதெல்லாம் கேட்பார்.

"இல்ல ஐயா."

"சே" என்பார். நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "சரி, எண்ணு" என்பார்.